ஒன்பதாம் விதியில் விடுபட்ட சொல்

போன மாதம், துபாயில் மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் இரண்டு தடவை அதிபராக இருந்து முடித்தவர் துணை அதிபராக வரலாமா கூடாதா என்பதுதான் சண்டை. ஒருவன் அந்த நாட்டு அரசியல் சாசனத்திலிருந்து இரண்டு வரிகளை எடுத்துப் போட்டான். இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்கிறது ஒரு வரி. அதிபராகும் தகுதி இல்லாதவருக்குத் துணை அதிபராகும் தகுதியும் இல்லை என்கிறது இன்னொரு வரி. தேர்ந்தெடுக்கப்படத்தானே தடை, பதவியில் இருக்கத் தடையில்லையே என்றது ஒரு கட்சி. இரண்டும் ஒன்றுதான் என்றது மறு கட்சி. படித்த அறிஞர்களே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்களாம். கடைசியில், "சாதிக் காக்கா, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றார்கள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

நான் உடனே பதில் எழுதவில்லை. இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து விடுகிறேன். அந்த அரைத் தூக்கத்தில் துபாயின் தேரா பக்கத்து மாடி அறை ஒன்று எனக்குத் திறக்கும். ஜன்னல் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், இரண்டு தட்டச்சு இயந்திரங்களின் சத்தம், கிரீக் என்ற கடற்கழியில் போகும் மரப்படகுகளின் இரைச்சல் எல்லாம் தூரத்தில் கேட்கும். அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அதே கேள்வி எண்பதுகளில் எங்கள் அறைக்கு வந்திருக்கிறது. வந்தபோது, அதற்கான விடையைக் கெடுத்து வைத்திருந்தவன் நான்தான்.

நான் கீழக்கரைக்காரன். மதரஸாவில் ஓதிய அரபியும், ராமநாதபுரத்தில் கற்ற தட்டச்சும் கையில் இருந்தன. இருபத்து மூன்று வயதில் விமானம் ஏறினேன். மதரஸா அரபி அலுவலக அரபி இல்லை என்று புரியவே ஆறு மாதம் ஆயிற்று. கிழித்துப் போட்ட தாள்களையும் வாங்கிய திட்டுகளையும் விட்டுவிடுகிறேன். ஒரு வருடம் கழித்து, அரசு உரிமம் பெற்ற ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்குமான ஆளாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த அலுவலகத்தின் முதலாளியும் என் மேலாளரும் ஒருவரே. உஸ்தாத் இத்ரீஸ் என்று அழைப்போம். சூடான்காரர், ஆறடிக்கு மேல் உயரம். வெள்ளை அங்கியும் பெரிய வெள்ளைத் தலைப்பாகையுமாக அவர் படியேறி வரும்போது மாடிப்படி முழுவதும் நிறைந்து போகும். தன் அரபியைப் பற்றி அவருக்குப் பெரிய கர்வம் உண்டு. எகிப்துக்காரர்கள் எழுதிய கடிதங்களை மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசிப்பார். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

எங்கள் வேலை முறை இதுதான். மூலத்தை வைத்துக்கொண்டு நான் அரபியில் தட்டச்சு செய்வேன். அரபி இயந்திரத்தில் உருளை எதிர்த்திசையில் ஓடும். காலையில் ஆங்கிலக் கடிதமும் பிற்பகலில் அரபிக் கடிதமும் அடித்தால், மாலையில் எந்தப் பக்கம் முதல் பக்கம் என்பதே மறந்து போகும். சில நாள் கனவில் என் பெயரையே வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறேன். அடித்து முடித்ததும் உஸ்தாத் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். பக்கத்தில் செம்பருத்திப் பூவில் போட்ட சிவப்பான கர்கதே பானம் ஒரு கண்ணாடித் தம்ளரில் இருக்கும். நான் வாக்கியம் வாக்கியமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், "மூலத்தில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்பார். இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த வாக்கியம். கடைசியில் பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து முத்திரையை எடுத்து, அதன் மேல் வாயால் ஊதி, தாளின் அடியில் அழுத்துவார். அந்த முத்திரை விழுந்தால் அது அரசாங்கத்திடம் செல்லுபடியாகும் தாள்.

ஆங்கில மூலமாக இருந்தால் அவரே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். தமிழ் அவருக்குத் தெரியாது. தமிழ்த் தாள்களுக்கு என் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி.

அந்த நாட்களில் அங்கிருந்த தமிழர்கள் சேர்ந்து ஒரு நலச் சங்கம் தொடங்கினார்கள். எங்கள் கடற்கரை ஊர்களின் கடைக்காரர்கள், யாழ்ப்பாணத்து அலுவலகக்காரர்கள், தஞ்சாவூர்ப் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள், டிரைவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். நோய்க்கும் சாவுக்கும் கூட நிற்க ஆள் வேண்டும் என்பதுதான் நோக்கம். சங்கத்தைப் பதிவு செய்ய விதிகளை அரபியில் கொடுக்க வேண்டும். தமிழ் விதிகளை என்னிடம் கொண்டுவந்து தந்தவர் கனகரத்தினம் அண்ணர். யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகத்தில் ஸ்டோர் மேற்பார்வையாளர். தும்மினால்கூடக் கைக்குட்டையை மடித்துத்தான் பைக்குள் வைப்பார். அவரைத்தான் முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஒன்பதாம் விதி இது: "எவரும் இரண்டு தடவைக்கு மேல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது."

அன்று வியாழக்கிழமை, அரை நாள் வேலை. மறுநாள் வெள்ளி. அஜ்மான் கடற்கரைக்குப் போக அறைத் தோழர்கள் கீழே வண்டியில் காத்திருந்தார்கள். 'தேர்ந்தெடுக்கப்பட' என்பதற்கான அரபிச் சொல் அந்த வரிக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கியது. பார்வைக்கு நன்றாக இல்லை. வரியை அழித்துவிட்டு, "எவரும் இரண்டு தடவைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது" என்று அடித்தேன். ஒரே வரியில் அழகாக உட்கார்ந்தது.

வாசித்தேன். "மூலத்தில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்றார் உஸ்தாத்.

"இல்லை உஸ்தாத், கலாஸ், முடிந்தது," என்றேன்.

அஜ்மான் கடலில் அன்று மாலை வரை குளித்தோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

கனகரத்தினம் அண்ணர் இரண்டு தடவை தலைவராக இருந்தார். நன்றாகவே நடத்தினார். அடுத்து ஹமீது காக்காவைத் தலைவராக்கினார்கள். எங்கள் ஊர்க்காரர், துணிக்கடை வைத்திருந்தார். எல்லாருக்கும் பிரியமானவர், ஆனால் எழுத்து வேலை என்றால் அவருக்கு வியர்த்துவிடும்.

"கனகரத்தினம் அண்ணன் துணைத் தலைவரா இருந்தாத்தான் நான் நிப்பேன்," என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். "இல்லாட்டி எனக்கு வேணாம்."

கனகரத்தினம் அண்ணர் எழுந்தார். "நான் ரெண்டு தரம் தலைவரா இருந்திட்டன். துணைத் தலைவர் எண்டால், தலைவர் ஊருக்குப் போற நேரம் தலைவற்றை இடத்தில நிக்க வேணும். அது சட்டத்துக்குச் சரிவருமோ? சாதிக் தம்பி, நீர்தானே மொழிபெயர்த்தனீர். வாசியும் பாப்பம்."

நான் தமிழ் விதியை உரக்க வாசித்தேன். "தேர்ந்தெடுக்கப்படக் கூடாதுன்னுதான் இருக்கு அண்ணே. துணைத் தலைவரா இருந்துட்டு, தலைவர் இல்லாதப்ப அவர் இடத்துல நிக்கிறது தேர்தல் இல்லையே. தாராளமா வரலாம்," என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அரபியில் என்ன எழுதினேன் என்பது மருந்துக்குக்கூட நினைவில் வரவில்லை. புதிய நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தோம். பதிவு அலுவலகத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆகஸ்டில் ஹமீது காக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். துபாய் ஆகஸ்டை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்து தெரு முழுவதும் பால்போல் கரைந்துவிடும். துடைத்துக்கொண்டு பார்த்தால் எதிரே நிற்கும் மனிதர் அப்போதுதான் உண்டானவர் மாதிரித் தெரிவார். தெய்வானை அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அலுவலக வாசலில் தெரிந்தாள்.

அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஜுமெய்ராவில் ஓர் அரபி வீட்டில் வேலை. அவளுடைய அண்ணன் முருகேசு ஒரு கட்டிட சைட்டில் வேலை செய்தவன். மூன்று நாளைக்கு முன் தொழிலாளர் கேம்ப்பில் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் நல்ல மனிதர்கள், உடலை ஊருக்கு அனுப்பத் தயார்தான். ஆனால் உரிமை கோர ஒரு சொந்தம் வேண்டும். அங்கேதான் சிக்கல். வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட், முருகேசுவின் பாஸ்போர்ட்டில் வேறு யாரோ ஒருவரின் பெயரைத் தகப்பன் பெயராகப் போட்டுவிட்டான். அவளுடைய பாஸ்போர்ட்டில் தகப்பன் கறுப்பையா, அவனுடையதில் பெருமாள். காகிதத்தின்படி இருவருக்கும் சம்பந்தமே இல்லை. சொந்தம் யாரும் வராவிட்டால் இங்கேயே அடக்கம் செய்துவிடுவார்கள்.

"இவுங்க அண்ணன் தங்கச்சிதான்னு ஒரு சங்கம் எழுதிக் குடுத்தா ஏத்துக்குவாங்களாம்ணே," என்றாள். அழவில்லை. மூன்று நாளாக அழுது தீர்ந்திருந்தாள். "ஆனா எனக்கு நாள் இல்லைங்க. எங்க மேடம் வீட்டுல எல்லாரும் சனிக்கிழமை விடியக்காலை லண்டன் போறாங்க. புள்ளைய பாத்துக்க என்னையும் கூட்டிட்டுப் போறாங்க. நான் போயிட்டா அண்ணனுக்குன்னு இங்க யாரும் இல்லை. அம்மா தோட்டத்து லயத்து வீட்டுல உக்காந்து தந்தி பாத்துக்கிட்டு இருக்காங்க."

கணக்குப் போட்டேன். செவ்வாய், புதன், வியாழன் அரை நாள். வெள்ளி விடுமுறை.

அன்று மாலையே கனகரத்தினம் அண்ணரின் அறையில் உட்கார்ந்து கடிதத்தைத் தயார் செய்தோம். தெய்வானையின் தோட்டத்திலிருந்தே வந்திருந்த இரண்டு ஆண்களைக் கேம்ப்பிலிருந்து வரவழைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். தலைவருக்காகத் துணைத் தலைவர் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். நான் அரபியாக்கினேன், உஸ்தாத் முத்திரையிட்டார். புதன்கிழமை காலை பதிவு அலுவலகத்துக்கு நானே எடுத்துப் போனேன். அங்கே உறுதி முத்திரை விழுந்தால் எல்லாம் முடிந்தது.

முன்பிருந்த அலுவலர் மாறிப் புதியவர் வந்திருந்தார். இளைஞர், நல்ல பண்பானவர். என்னை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். எங்கள் சங்கத்தின் கோப்பை எடுத்துவரச் சொல்லி முதல் பக்கத்திலிருந்து நிதானமாக வாசித்தார். அந்த அறையில் குளிர் அதிகம். தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"சகோதரரே, இந்தக் கையெழுத்துக்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை தலைவராக இருந்திருக்கிறார்."

"ஆமாம். இப்போது துணைத் தலைவர்."

"தலைவர் நாட்டில் இல்லை. ஆகவே இன்றைக்கு இவர்தான் தலைவராக இருக்கிறார். மூன்றாம் தடவை. உங்கள் விதி என்ன சொல்கிறது, பாருங்கள்." கோப்பை என் பக்கம் திருப்பினார். "தலைவராக இருக்கக் கூடாது. இவர் கையெழுத்தை நான் எப்படி உறுதி செய்வது? தலைவரே கையெழுத்திட்டு வரட்டும், ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன்."

ஒரே வரியில் அழகாக உட்கார்ந்திருந்தது. நான் அடித்த வரி. என் தட்டச்சு இயந்திரத்தில் நான் பழுதுபார்க்காமல் விட்ட ஓர் எழுத்து எப்போதும் வரியைவிடக் கொஞ்சம் மேலே தூக்கி விழும், அது அங்கேயும் தூக்கி நின்றது. அந்த அலுவலர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் உதடு அசைவதுதான் தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவன்போல உட்கார்ந்திருந்தேன். தேநீரைக் குடித்தேனா, எப்படிப் படியிறங்கினேன் என்பது நினைவில் இல்லை.

கனகரத்தினம் அண்ணரிடம் நேராகப் போனேன். துறைமுக ஸ்டோரில் வேலையாக இருந்தார். நடந்ததைச் சொன்னேன். என் பிழையை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னேன்.

"ஹமீது காக்கா ஊருக்குப் போகும்போது அவசரத்துக்குன்னு ரெண்டு வெறும் லெட்டர்ஹெட்ல கையெழுத்துப் போட்டு என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க அண்ணே. அதுல அடிச்சுக் குடுத்துட்டா..."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஹமீது அந்தப் பிள்ளையைப் பாத்தவரோ?"

"இல்லை."

"சாட்சிக்காரரைக் கண்டவரோ?"

"இல்லைண்ணே. ஆனா சொல்றது உண்மைதானே."

"உண்மைதான். தம்பி, இவ்வளவு கரைச்சலும் ஏன் வந்தது? ஏஜென்ட் ஒரு கடதாசியில பொய் எழுதினபடியால். நாங்களும் ஒரு பொய்க் கடதாசியிலயோ அந்தப் பெடியனை அனுப்பப் போறம்?" கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நீர் அண்டைக்குத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது எண்டெல்லோ வாசிச்சனீர். அங்கை ஏன் வேறை மாதிரி இருக்கு?"

அப்போது சொன்னேன். வரி நீளமாகிவிட்டது என்றேன். வியாழக்கிழமை என்றேன். அஜ்மானைச் சொல்லவில்லை.

அவர் திட்டவில்லை. "போய் உம்மடை பெரியவரிட்டைச் சொல்லும்," என்றார். "இண்டைக்கே சொல்லும்."

உஸ்தாதிடம் பிற்பகலில் சொன்னேன். பழைய தமிழ் விதிகளின் நகலை அவர் மேசையில் வைத்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"வாசி," என்றார். "தமிழில்."

வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாக அரபியில் சொல்லச் சொன்னார். 'எவரும்' சொன்னேன். 'இரண்டு தடவைக்கு மேல்' சொன்னேன். 'தலைவராக' சொன்னேன். அடுத்த சொல்லின் மீது விரல் வைத்தார். வரியிலேயே நீளமான சொல் அது. அதை உச்சரிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

"இவ்வளவு பெரிய சொல்," என்றார். "இதை எங்கே தொலைத்தாய்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அரபி இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, தானே அடிக்கத் தொடங்கினார். அவர் அடித்து அதுவரை நான் பார்த்ததில்லை. இரண்டு விரலால் மெதுவாக அடித்தார். ஒன்பதாம் விதியில் ஒரு வினைச்சொல் விடுபட்டதென்றும், மொழிபெயர்ப்பு அவருடைய முத்திரையின் கீழ் வந்ததால் பிழையும் அவருடையதே என்றும் எழுதினார். என் பெயர் அதில் இல்லை.

"உஸ்தாத், என் பெயரையும் போடுங்கள்," என்றேன்.

"உன்னிடம் முத்திரை இருக்கிறதா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் மூவரும் மரப்படகில் கிரீக்கைக் கடந்தோம். உஸ்தாத், கனகரத்தினம் அண்ணர், நான். அன்று மூடுபனிபோல நீராவி இறங்கியிருந்தது. நடுவில் போனதும் இரண்டு கரையும் மறைந்துவிட்டன. எதிரே வந்த படகில் இருந்தவர்கள் நிழல்களாக வந்து நிழல்களாகவே போனார்கள். உஸ்தாத் மடியில் பிஸ்கட் டின்னை வைத்திருந்தார். என் வாழ்க்கையில் ஐந்து நிமிடப் பயணம் அவ்வளவு நீண்டது அந்த ஒரு தடவைதான். இன்றைக்கும் தூக்கத்தில் அந்தப் படகில்தான் இருக்கிறேன், கரை வருவதற்குள் விழித்துவிடுகிறேன்.

அலுவலர் உஸ்தாதைக் கண்டதும் எழுந்து நின்றார். உஸ்தாத் தாளை நீட்டினார். அவர் வாசித்தார். தமிழ் மூலத்தைக் கேட்டார். புரியாத எழுத்துகளையே வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சொல் இதுதான் என்று யார் சொல்வது?" என்றார்.

"நான் சொல்கிறேன்," என்றார் உஸ்தாத். "இவன் எனக்குச் சொன்னான். நான் உங்களுக்குச் சொல்கிறேன்."

"முன்பும் அப்படித்தானே உஸ்தாத் சொன்னீர்கள்?"

கனகரத்தினம் அண்ணருக்கு அரபி தெரியாது. ஆனால் என்ன நடக்கிறதென்று அவருக்குப் புரிந்தது. நிமிர்ந்து நின்றார்.

அலுவலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திருத்தத்தை நான் ஏற்கலாம். ஆனால் உறுதிமொழி கொடுத்த மொழிபெயர்ப்பில் பிழை என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, உங்கள் உரிமத்தை மேலே விசாரிக்க அனுப்பாமல் நான் இருக்க முடியாது. அது முடியும் வரை நீங்கள் முத்திரையிட முடியாது."

உஸ்தாத் பிஸ்கட் டின்னைத் திறந்து முத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். ஊதவில்லை. "கடிதத்தை முதலில் முடியுங்கள்," என்றார்.

அலுவலர் ஒன்பதாம் விதியின் கீழ் திருத்தத்தை இணைத்துக் கையெழுத்திட்டார். பிறகு கனகரத்தினம் அண்ணரின் கையெழுத்தைக் கோப்பில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, தெய்வானையின் கடிதத்தில் உறுதி முத்திரையைப் போட்டார். அப்போது மணி ஒன்பது இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை விமானச் சரக்குக் கூடத்தின் வாசலில் தெய்வானை நின்றாள். மேடமே காரில் கொண்டுவந்து விட்டிருந்தாள். கார் தூரத்தில் ஏசி ஓடியபடி நின்றது. பெட்டியை உள்ளே தள்ளுவதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். தெய்வானை பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைத் தடவினாள். அதில் அவன் பெயர் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது.

"இதுல அப்பா பேரு என்னன்னு போட்டிருக்குண்ணே?" என்று கேட்டாள்.

பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெருமாள் என்றுதான் இருந்தது. அதை மாற்ற யாராலும் முடியாது. கனகரத்தினம் அண்ணர் முன்னால் வந்தார்.

"பெட்டிக்கு மேல அந்தப் பேர்தான் பிள்ளை. ஆனால் எங்கடை கடிதத்தில கறுப்பையாவின்ரை மகன் எண்டு எழுதியிருக்கு. அது அவரோட கூடப் போகுது. அம்மாட்டைக் குடுப்பினம்."

அவள் தலையசைத்தாள். காரிலிருந்து ஒரு சின்னக் குழந்தை கண்ணாடியைத் தட்டி அவளைக் கூப்பிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். வெயில் தரையிலிருந்து அலையலையாக எழும்பிக்கொண்டிருந்தது. அவள் காலடி நிலத்தில் படாமல் போவது மாதிரித் தெரிந்தது. அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

உஸ்தாதின் முத்திரை திரும்பி வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வந்து, வேலையில்லாத மேசையில் கர்கதே தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். என்னிடம் வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. முத்திரை வந்த பிறகும் ஒரு வருடம் எனக்குப் பிறப்புச் சான்றிதழ்களை மட்டுமே தந்தார். அவர் என்னை மன்னித்ததாக நினைவில்லை. ஆனால் என்னை வெளியே அனுப்பவும் இல்லை.

அக்டோபரில் சங்கப் பொதுக்குழு கூடியது. ஓர் உணவகத்தின் மாடியில் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு. ஹமீது காக்கா ஊரிலிருந்து திரும்பியிருந்தார். நடந்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி, கனகரத்தினம் அண்ணருக்கு நன்றி என்றார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கனகரத்தினம் அண்ணர் கை தட்டல் ஓயும்வரை நின்றுவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஒன்பதாம் விதியை மாத்த வேணும் எண்டு பிரேரிக்கிறன்," என்றார். "சாதிக் தம்பி அரபியில பிழையா எழுதினதைத் தமிழிலயும் எழுத வேணும். தேர்ந்தெடுக்கப்படுறது இல்லை, இருக்கிறதே கூடாது. ரெண்டு தரம் தலைவரா இருந்தவர் துணைத் தலைவராயும் வரக் கூடாது."

கூட்டம் திகைத்துப் போனது. நான் எழுந்தேன். "அண்ணே, அந்தப் பிழையாலதான் தெய்வானை அவ்வளவு அலைஞ்சா. அதையே சட்டமாக்கினா நீங்க அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கவே முடியாதே."

"ஓம். போட்டிருக்கேலாது," என்றார். "நான் துணைத் தலைவரா இல்லாட்டி, வேறை ஒருத்தர் இருந்திருப்பார். அவர் போட்டிருப்பார். ஒரு கேள்வியும் வந்திராது. உம்மடை உஸ்தாத் ஏழு கிழமை சும்மா இருந்திருக்க மாட்டார்." பிறகு ஹமீது காக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நானில்லாட்டி நடவாது எண்டு நீங்கள் சொன்னியள். எனக்கும் அது கேக்க நல்லா இருந்தது. அதுதான் பிழை."

ஹமீது காக்கா தலை குனிந்திருந்தார். வெகுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் கைகள் உயர்ந்தன. பாதிக்கும் மேல் உயர்ந்தன. அன்றே கனகரத்தினம் அண்ணர் துணைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவர் இடத்துக்குச் செல்வராஜ் என்ற லாரி டிரைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். புதுக்கோட்டைக்காரன், இருபத்தெட்டு வயது.

அடுத்த கோடையில் ஹமீது காக்கா மறுபடி விடுமுறையில் இருந்தார். மருத்துவமனையில் கிடந்த ஓர் உறுப்பினருக்கு உடனே ஒரு கடிதம் தேவைப்பட்டது. செல்வராஜ் கையெழுத்திட்டான். அதற்கு முன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தான். பதிவு அலுவலகத்துக்கு நானும் அவனும் போனபோது, வாசலுக்கு எதிரே சுவரின் குறுகிய நிழலில் கனகரத்தினம் அண்ணர் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வரச் சொல்லவில்லை. கையில் பழைய கடிதங்களின் கோப்பு இருந்தது. ஏதாவது கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தார்.

"உள்ள வாங்கண்ணே, வெயிலா இருக்கு," என்றான் செல்வராஜ்.

"இல்லைத் தம்பி. நீங்கள் போங்கோ."

அலுவலர் கடிதத்தை வாசித்தார், கோப்பைப் பார்த்தார், முத்திரையிட்டார். நாங்கள் வெளியே வந்தோம். அண்ணர் அதே இடத்தில் நின்றார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணே."

"ஏதும் கேட்டவையோ?"

"ஒண்ணுமே கேக்கலண்ணே. அஞ்சு நிமிஷம்தான்," என்றான் செல்வராஜ். அவன் முகம் பூரித்திருந்தது.

கனகரத்தினம் அண்ணர் அவன் தோளைத் தட்டினார். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்களோடு வராமல், தனியாகப் படகுத்துறைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.